அடாப்டரில் விளக்கு எரிகிறது, என்ஜின் கணினி மட்டும் பதில் சொல்ல மறுக்கிறது

திருச்சிவாசி:
வணக்கம். 2004-இல் பதிவான ஐரோப்பிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாகப் போன மாதம் வாங்கினேன். என்ஜின் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. பிழைக் குறியீட்டை நானே படித்துக்கொள்ளலாம் என்று காரின் கணினி சொல்வதைப் போனில் காட்டும் மலிவான இஎல்எம்327 புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, காரின் சோதனை சாக்கெட்டில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிகிறது. 1234 என்று கொடுத்ததும் போனும் இணைகிறது. ஆனால் செயலி ஒரு நிமிடம் சுற்றிவிட்டு, 'இசியுவுடன் (என்ஜின் கணினியுடன்) இணைக்க முடியவில்லை' என்று கையை விரிக்கிறது. மெக்கானிக் ஒருவர் கணினியையே மாற்ற வேண்டும் என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார்.

பழைய ஸ்பானர்:
கணினியை மாற்றும் பேச்சை இப்போதே நிறுத்துங்கள். கணினி செத்திருந்தால் வண்டி ஓடாது. விளக்கு எரிவதற்குப் பொருள், சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் பேட்டரி மின்சாரமும் 4 அல்லது 5-இல் எர்த்தும் வருகின்றன என்பது மட்டுமே. போன் இணைவது போனுக்கும் அடாப்டருக்கும் உள்ள உறவு. அடாப்டருக்கும் காருக்கும் உள்ள உறவு வேறு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிவிட்டுத்தானே முயன்றீர்கள்? பலர் சறுக்கும் இடம் அது.

மல்டிமீட்டர் மாறன்:
பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால், காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் 'கேன்' என்ற இரட்டைக் கம்பியில் ஒரு முனை எங்கோ அறுந்திருக்கிறது.

பழைய ஸ்பானர்:
மாறன் தம்பி, கணக்கு சரி, வண்டிதான் வேறு. 2004-ஆம் ஆண்டுக் காரின் சாக்கெட்டில் கேன் இல்லாமலே இருக்கலாம். திருச்சிவாசி, டார்ச் அடித்துப் பாருங்கள். 6, 14 துளைகளில் உலோகம் இருக்கிறதா? 7-இல் இருக்கிறதா?

திருச்சிவாசி:
சாவி ஆனில்தான் இருந்தது, ஐயா. 6, 14 காலி. 7-இல் உலோகம் தெரிகிறது.

பழைய ஸ்பானர்:
அப்படியானால் இது கே-லைன் வண்டி. ஒரே கம்பியில், நொடிக்கு 10,400 பிட் வேகத்தில் நிதானமாகப் பேசும். செயலியின் அமைப்பில் 'தானியங்கி' என்பதை விட்டுவிட்டு, கே-லைனில் பேசும் நெறிமுறைகளான ஐஎஸ்ஓ 9141-2, பிறகு ஐஎஸ்ஓ 14230 என்று ஒவ்வொன்றாகக் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மலிவான போலி அடாப்டர்கள் சிலவற்றில் இந்தப் பழைய நெறிமுறைகள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. நண்பரின் பழைய கார் ஒன்றில் செருகிப் பார்த்தால் குற்றவாளி அடாப்டரா என்பது தெரிந்துவிடும்.

திருச்சிவாசி:
இரண்டு நெறிமுறையிலும் அதே பதில்தான். மாமாவின் 2006 காரில் இதே அடாப்டர் உடனே இணைந்துவிட்டது. குழப்பம் கூடிவிட்டது.

சேலம் ஒயரிங்:
ஒரே ஒரு கேள்வி. வண்டியில் ஸ்டீரியோ கம்பெனியில் போட்டதா, பிறகு மாற்றியதா?

திருச்சிவாசி:
முந்தைய உரிமையாளர் தொடுதிரை வைத்ததை மாட்டியிருக்கிறார். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சேலம் ஒயரிங்:
இருக்கிறது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் அந்தக் காலக் கார்கள் பலவற்றில், ஸ்டீரியோவையும் சோதிக்க வேண்டும் என்பதற்காக அதன் பின்பக்க சாக்கெட்டுக்கும் கே-லைனை இழுத்திருப்பார்கள். வெளியில் வாங்கிய ஸ்டீரியோவில் அதே இடம் வேறு வேலைக்கு. செருகியதும் கே-லைன் ஒரே வோல்ட் மட்டத்தில் மாட்டிக்கொள்ளும், யாருமே பேச முடியாது. ஸ்டீரியோவின் பின்பக்க சாக்கெட்டை முழுவதும் உருவிவிட்டு முயன்று பாருங்கள். காசு செலவில்லை.

திருச்சிவாசி:
அண்ணா, உருவிய கையோடு இணைந்துவிட்டது! பி0118 என்று ஒரே ஒரு குறியீடு. கே-லைன் கம்பியை மட்டும் சாக்கெட்டிலிருந்து பிரித்து டேப் சுற்றி, ஸ்டீரியோவைத் திரும்ப மாட்டினேன். இப்போது பாட்டும் கேட்கிறது, கணினியும் பேசுகிறது.

பழைய ஸ்பானர்:
பி0118 என்றால் குளிர்நீர் வெப்ப சென்சாரின் மின்சுற்றில் அளவு மீறிய வோல்ட். சென்சார் வாங்க ஓடுவதற்கு முன் அதன் கனெக்டர் கழன்றிருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவில் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், 16-ஆம் பின்னில் சாவி இல்லாமலே மின்சாரம் இருக்கும்.