தெரியாத சொல்: ஊகிப்பதா, அகராதியைத் திறப்பதா?

எழுத்தாணி (விவாதத்தைத் தொடங்கியவர்)

"தெரியாத சொல் வந்தால் நிற்காதே, மேலே படி, வாக்கியமே பொருளைச் சொல்லிவிடும்." மொழி கற்பவர்கள் எல்லாருக்கும் கிடைக்கும் இந்த அறிவுரையை இனி யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. எந்த எழுத்தாளரும் ஒரு சொல்லைக் கற்பிப்பதற்காக வாக்கியம் எழுதுவதில்லை. படிப்பவருக்கு அந்தச் சொல் தெரியும் என்று நம்பித்தான் எழுதுகிறார். அப்படியிருக்க, துப்பு எங்கிருந்து கிடைக்கும்?

"மகளின் வெற்றியைக் கண்டு அவர் இறும்பூது எய்தினார்" என்று ஒரு வரி. இதை வைத்து ஊகிப்பவர் 'பெருமிதம்' என்றுதான் முடிவு கட்டுவார். பலரும் அந்தப் பொருளில்தான் எழுதியும் வருகிறார்கள். ஆனால் இறும்பூது என்றால் முதலில் வியப்பு. ஊகித்தவருக்குத் தாம் தவறியதே தெரியாது, ஏனென்றால் வாக்கியம் எங்கும் இடறவில்லை. அகராதியைத் திறந்திருந்தால் அரை நிமிட வேலை.

தூண்டில்

எழுத்தாணி ஐயா, "ஆனால்", "கூட", "தானே", "சும்மா" ஆகியவற்றின் பொருளை நீங்கள் எந்த அகராதியில் பார்த்தீர்கள்? தாய்மொழியில் நமக்குத் தெரிந்த சொற்களில் பெரும்பகுதிக்கு யாரும் விளக்கம் சொன்னதில்லை. கேட்டோம், படித்தோம், ஒட்டிக்கொண்டது.

சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம், அவர்கள் அறியாத 'குரோமியம்' என்ற சொல்லை ஒரு நிறத்தின் பெயராக்கி, "நீலத் தட்டை அல்ல, குரோமியம் தட்டைக் கொண்டு வா" என்கிற மாதிரி ஒரே ஒரு முறை சொன்னார்கள். பாடமாக அல்ல, போகிற போக்கில். நாள்கள் கழித்துக் கேட்டபோதும் பல குழந்தைகளிடம் அந்தச் சொல்லைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு தங்கியிருந்தது. அகராதி இல்லாமல் அகராதிக்கு முந்தைய வயதில் நடக்கிற காரியத்தைப் பெரியவர்களுக்கு ஏன் தடை செய்ய வேண்டும்?

எழுத்தாணி

"ஏதோ ஓர் அறிவு" என்று நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். அது ஒரு நிறத்தின் பெயர் என்பது பலருக்குத் தங்கியது, எந்த நிறம் என்பது அந்த அளவுக்குத் தெளிவாகத் தங்கவில்லை. அதோடு, குழந்தையின் கண்முன் தட்டு இருந்தது, "நீலம் அல்ல" என்ற ஒப்பீடும் இருந்தது. தவறான தட்டைத் தொட்டால் திருத்த ஆளும் இருந்தார். புத்தகத்தின் 40ஆம் பக்கத்தில் சிக்கிக்கொண்டவருக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

குறிப்பேடு

நான் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன். இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சூழல் என்பது என்ன? சுற்றியுள்ள மற்ற சொற்கள். அவையும் தெரியாவிட்டால் சூழலே இல்லை.

ஹூ, நேஷன் இருவரும் 2000இல் இதைத்தான் அளந்தார்கள். ஆங்கிலம் கற்பவர்கள் ஒரு கதையை யாருடைய உதவியும் இன்றிப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அதாவது 50 சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிது. பட்டியா லாஃபர் அதற்கு முன்பே 95 விழுக்காடு என்று ஒரு வரம்பு சொல்லியிருந்தார், 20 சொற்களுக்கு ஒன்று. மூன்று விழுக்காடுதானே என்று தோன்றும். 250 சொற்கள் கொண்ட பக்கத்தில் ஐந்து புதிய சொற்களுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாடு அது. ஐந்து இருந்தால் ஊகிக்கலாம். பன்னிரண்டு இருந்தால் ஓர் ஊகத்தின் மேல் இன்னோர் ஊகத்தை அடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே "ஊகித்துப் படி" என்பது ஏற்கெனவே நிறையத் தெரிந்தவருக்கான அறிவுரை. அதைத் தொடக்க நிலையில் இருப்பவரிடம் சொல்வதுதான் கொடுமை. இன்னொன்று, இவை ஆங்கிலத்துக்கு எடுத்த கணக்குகள். வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்ளும் தமிழுக்கு இவற்றை அப்படியே பொருத்தக் கூடாது.

கடைசி வரிசை

இங்கேயே சோதித்துவிடலாமே. 'தெமுத்தல்' என்று ஒரு சொல்லை நானே இட்டுக்கட்டியிருக்கிறேன், அகராதியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் வாக்கியம்: "அவர் தெமுத்தபடி அறைக்குள் வந்தார்." பொருள் சொல்லுங்கள்.

பழுப்பேடு

நொண்டுதல்.

குறிப்பேடு

மூச்சிரைத்தல்.

தூண்டில்

முணுமுணுத்தல் என்றும் சொல்லலாம், சிரித்தல் என்றும் சொல்லலாம். ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை, பாருங்கள். அது ஒரு வினை, நடந்துகொண்டே செய்யக்கூடியது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உறங்குதல் என்றோ நீந்துதல் என்றோ ஒருவரும் சொல்லவில்லை.

கடைசி வரிசை

இரண்டாவது: "படியேறி வந்தவர் தெமுப்பது இயல்பு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஏன் தெமுக்க வேண்டும்?"

மூன்றாவது: "கைக்குட்டை முழுவதும் நனைந்த பிறகும் அவருடைய தெமுப்பு நிற்கவில்லை."

குறிப்பேடு

இரண்டாவது வரியைப் படித்ததும் மூச்சிரைத்தல்தான் என்று அடித்துச் சொல்லத் தயாராக இருந்தேன். கைக்குட்டை வந்து கெடுத்தது. வியர்த்தல்.

பழுப்பேடு

அழுகை என்று வாதாடலாமா என்று பார்த்தேன், படியேறியவர் அழுவது இயல்பாகாது. வியர்த்தல்தான்.

கடைசி வரிசை

வியர்த்தலேதான். இனி எழுத்தாணியும் தூண்டிலும் அடித்துக்கொள்ளலாம்.

எழுத்தாணி

நன்றி, என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இரண்டாவது வாக்கியம் தவறான விடையைத் திருத்தவில்லை, உறுதிப்படுத்தியது! கதை அங்கேயே முடிந்திருந்தால் குறிப்பேடு தம் வாழ்நாள் முழுவதும் மூச்சிரைத்துக்கொண்டிருப்பார்.

இசபெல் பெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1983இல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொல்கிறது. சூழல்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்று நான்காகப் பிரித்தார்கள். பொருளை நேராகக் காட்டுபவை, பொதுவாகத் திசை காட்டுபவை, எதையும் காட்டாதவை, தவறான பக்கம் இழுத்துச் செல்பவை. சொல்லை மறைத்துவிட்டு வாக்கியத்தைக் கொடுத்தபோது, கடைசி வகையில் மொழி நன்கு தெரிந்த பெரியவர்களாலேயே அநேகமாக எதையும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இந்த நான்கில் நாம் எதில் நிற்கிறோம் என்பது, சொல்லின் பொருள் தெரிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். கோளாறே அங்குதான்.

தூண்டில்

மூன்றாவது வாக்கியம் திருத்தியதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? ஒரே வரியில் ஒரு சொல்லைக் கற்றுவிடலாம் என்று நான் எங்கே சொன்னேன்? மறுபடி மறுபடி சந்திப்பதுதான் முறை. மூன்று வரிகளில் நமக்குக் கிடைத்தவை என்ன? படியேறினால் வருவது, துணியை நனைப்பது, 'தெமுப்பு' என்ற பெயர் வடிவம், அது 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்ற வழக்கு. அகராதியைத் திறந்திருந்தால் 'வியர்த்தல்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பியிருப்போம்.

1978இல் சரகி, நேஷன், மைஸ்டர் ஆகியோர் செய்த சோதனையில், ரஷ்ய மொழியிலிருந்து எடுத்து உருமாற்றிய சொற்கள் மண்டிக்கிடந்த ஓர் ஆங்கில நாவலைப் படிக்கக் கொடுத்தார்கள். சொல்லைக் கவனியுங்கள் என்று சொல்லவில்லை, அகராதியும் தரவில்லை. படித்து முடித்ததும் எதிர்பாராமல் தேர்வு வைத்தபோது, கேட்ட சொற்களில் சராசரியாக முக்கால் பங்குக்குச் சரியான பொருள் சொன்னார்கள்.

எழுத்தாணி

அந்தச் சோதனை எனக்கும் தெரியும். அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், மற்ற சொற்கள் எல்லாம் தெரிந்தவர்கள். குறிப்பேடு சொன்ன 98 விழுக்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வு, விடைகளைக் கொடுத்துப் பொறுக்கச் சொன்ன தேர்வு. அந்தச் சொற்களில் பலவும் நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வருபவை.

சாதாரண நூல் அப்படி இருக்காது. ஒரு நூலில் வரும் வெவ்வேறு சொற்களில் ஏறத்தாழப் பாதி ஒரே முறைதான் தலைகாட்டும். நீங்கள் 'மறுபடி சந்திப்போம்' என்று காத்திருக்கும் சொல் திரும்பி வரவே வராது. ஸ்வான்போர்னும் டி குளோப்பரும் 1999இல் இருபது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயல்பாகப் படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சுமார் 15 விழுக்காடுதான் மனத்தில் தங்குகிறது என்றார்கள். மீதி 85 என்ன ஆயிற்று?

தூண்டில்

நூறில் பதினைந்து, ஒரு செலவும் இல்லாமல், கதையை அனுபவித்தபடியே. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை அகராதியைத் திறப்பீர்கள்? பத்தாவது முறைக்குப் பிறகு கதை கையை விட்டுப் போயிருக்கும், வாசகரும் போயிருப்பார். நிறையப் படிக்கிறவரிடம் 15 விழுக்காடு பெரிய தொகையாகச் சேர்ந்துவிடும்.

பழுப்பேடு

இதை நம்மவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை எப்படித் தெளிவது என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் கேட்டு, வினை, இனம் (உடன் வரும் இனச்சொல்), சார்பு (சூழல்) என்று மூன்று வழி சொல்கிறது. 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. வினையே காட்டிக்கொடுக்கிறது. மேலே தெமுத்தலுக்குப் படியும் கைக்குட்டையும் செய்த வேலை சார்பு. ஆக, நம் இலக்கணம் தூண்டில் பக்கம்.

எழுத்தாணி

பழுப்பேடு, அங்கேதான் நுட்பம் இருக்கிறது. 'மா' என்பதற்கு மரம், விலங்கு என்ற பொருள்கள் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த பொருள்களில் எது என்று தேர்ந்தெடுக்கத்தான் வினையும் இனமும் சார்பும். தெரியாத பொருளைக் கண்டுபிடிக்க அல்ல.

தெரியாத சொல்லுக்கு அதே நூல் என்ன செய்கிறது? அதன் உரியியல் என்ற இயலைப் பாருங்கள். பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்திப் பொருள் சொல்வதுதான் முறை என்று தொடங்கி, உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று நேராகப் பட்டியல் போடுகிறது. ஊகித்துக்கொள் என்று விட்டுவிடவில்லை. பிறகு வந்த திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளும், அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதிகளும், அதே வழி. நிகண்டை மனப்பாடம் செய்த பிறகுதான் இலக்கியத்துக்குள் விட்டார்கள்.

பழுப்பேடு

வெளிப்படையான சொற்களுக்கு விளக்கம் வேண்டாம், விளங்காதவற்றுக்கு மட்டும் போதும் என்றும் அதே உரியியல் சொல்கிறதே! எல்லாவற்றுக்கும் அகராதி என்ற உங்கள் கட்சிக்கு அதுவும் முழுத் துணை இல்லை. மனப்பாடம் செய்த நிகண்டில் எவ்வளவு நின்றது என்பதையும் யாரும் அளந்து வைக்கவில்லை.

குறிப்பேடு

அகராதியைத் திற, திற என்கிறீர்கள். திறப்பதற்கே சூழல் வேண்டும், தமிழில் குறிப்பாக. "கேட்டினை" என்ற சொல்லை எந்தப் பக்கத்தில் தேடுவீர்கள்? "அவன் கேட்டினை நாடினான்" என்றால் கேடு. "நான் சொன்னது கேட்டினை அல்லவா?" என்றால் கேள். வேர் தெரிந்தால்தான் பக்கம் தெரியும், வாக்கியம் புரிந்தால்தான் வேர் தெரியும். பொற்குடத்தைத் தேடிப் பொன்னுக்குப் போக வேண்டும் என்பதை எந்த அகராதியும் புதியவருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. கண்டுபிடித்துப் போனாலும், அங்கே ஒரு சொல்லுக்கு ஏழு பொருள் வரிசையாக நிற்கும். எது என்று யார் சொல்வார்? மறுபடியும் வினை, இனம், சார்பு.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு, அதுதான் எனக்குத் தொழிலில் பெரிய தலைவலி. குறளில் 'வெகுளி' வந்தால் இன்றைய வாசகர் ஊகிக்கவும் மாட்டார், அகராதியையும் திறக்க மாட்டார். கள்ளங்கபடம் இல்லாதவன் என்று அவருக்கு 'தெரியும்'. அங்கே அதன் பொருள் சினம். தெரிந்ததாக நினைக்கும் சொற்களைப் பற்றி லாஃபர் 1997இல் விரிவாகவே எழுதியிருக்கிறார். உங்கள் இருவருடைய மருந்தும் இந்த நோய்க்கு எட்டாது.

கடைசி வரிசை

வெகுளாமை அதிகாரத்தைப் படித்துவிட்டு, அப்பாவியாக இருக்காதே என்று வள்ளுவர் சொல்வதாக நினைக்கிறவர்கள் இருப்பார்களோ!

தூண்டில்

இருக்கலாம். ஆனால் அந்த அதிகாரத்தின் பத்துக் குறளையும் படித்தால் அப்பாவி என்ற பொருள் நாலாவதுக்குள் உடைந்துவிடும். அகராதி அல்ல, அடுத்தடுத்த குறள்கள்தான் உடைக்கும்.

தானே முயன்று ஊகித்த பொருள், கையில் கொடுத்த பொருளைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்று ஹுல்ஸ்டைன் 1992இல் காட்டினார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாணி

ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள், நண்பரே. துணை எதுவும் தராமல் விட்டால் கற்பவர்கள் அடிக்கடி தவறாக ஊகிக்கிறார்கள் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. முயன்று பெற்றது நன்றாக நிற்கும் என்றால், முயன்று பெற்ற தவறும் நன்றாகத்தானே நிற்கும்?

அறிவுரையைத் திருத்திக்கொள்ளச் சம்மதமா? "ஊகி, ஓரத்தில் பென்சிலால் எழுதிவை, அத்தியாயம் முடிந்ததும் அகராதியில் சரிபார்." இந்தக் கடைசிப் பகுதி இருக்குமானால் எனக்கு எதிர்ப்பு இல்லை. அது இல்லாமல் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

தூண்டில்

எல்லாச் சொல்லையும் என்றால் சம்மதம் இல்லை. அது படிப்பு அல்ல, கணக்குத் தணிக்கை. கதையோட்டம் எந்தச் சொல்லில் நின்றுபோகிறதோ அதை மட்டும் பார்க்கலாம்.

எழுத்தாணி

ஓட்டம் நிற்காத இடத்தில்தான் இறும்பூது தப்பித்தது. நின்ற சொல்லை எப்படியும் பார்ப்பீர்கள். நான் சரிபார்க்கச் சொல்வது, இரண்டாம் முறை எதிர்ப்படும் சொல்லை, ஓட்டம் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

குறிப்பேடு

இரண்டாம் முறை வருகிறது என்று தெரிய, முதல் முறை வந்ததைக் குறித்து வைத்திருக்க வேண்டுமே. ஒரு முறையே வரும் சொற்கள் பாதி என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பாதிக்கும் வீணாகப் பென்சில் எடுக்கச் சொல்கிறீர்களா?

எழுத்தாணி

எடுக்கச் சொல்கிறேன். ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தூண்டில்

நூலகப் புத்தகமாக இருந்தால்?