குறைமாதப் பிள்ளையின் வளர்ச்சியை மருத்துவமனைக்குத் தொலைபேசி வழியாகக் காட்டியவர்கள் எழுதுங்கள்

துணுக்காய்த் தாய்:
என் மகள் 29ஆம் வாரத்தில் பிறந்தவள். மாதம் ஒருமுறை மருத்துவமனையிலிருந்து அழைத்துக் கேள்விகள் கேட்பார்கள். ஒன்பது மாதம் முடிந்தபோது வந்த அழைப்பில், "பிடியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாளா?" என்று கேட்டார்கள். அவளுக்குப் பின் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் முற்றத்தில் தவழ்ந்து திரிவதைப் பார்த்துக்கொண்டே, "ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டேன். அவளோ பாயில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தங்கச்சி, அவள் 11 வாரம் முந்திப் பிறந்தவள். அதைக் கழித்தால் ஆறரை மாதம்தானே? உட்காராவிட்டாலும் குற்றமில்லை. தலையணையோடு இருக்கிறபடியே ஒரு வீடியோ அனுப்புங்கோ" என்றார். தலையணையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

மாங்குளத்திலிருந்து ஒருவர்:
உங்களுக்கு வாய்த்தவர் நல்லவர். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. பிள்ளை தானாக அசைவதைப் பார்க்கவென்று நாங்கள் அனுப்பிய வீடியோவுக்கு, இரவு எட்டு மணிக்கு, "வீடியோ போதாது, மீண்டும் அனுப்பவும்" என்று ஒற்றை வரி வந்தது. காரணம் எழுதப்படாததால் பிள்ளைக்கு ஏதோ குறை என்றே எண்ணி, என் மனைவி இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மம்மா வளையலைக் கிலுக்கிப் பிள்ளையைச் சிரிக்கவைத்ததுதான் பிழை என்று பின்னர் தெரிந்தது. அத்துடன், குறைமாதப் பிள்ளையின் விழித்திரையைக் கைப்பேசியில் பார்க்க முடியாது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண் வைத்தியர்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஏ9 வீதியில் கைக்குழந்தையோடு பேருந்தில் போய்வந்தவர்களுக்கு, வீட்டிலிருந்தே எல்லாம் முடியும் என்ற பேச்சு எரிச்சலையே தரும்.

மல்லாவி அப்பா:
எல்லாம் முடியும் என்று துணுக்காய் அக்கா எங்கும் எழுதவில்லையே. எங்கள் முதல் வீடியோவும் மங்கலாக இருந்ததால் திரும்பி வந்தது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இனி எடுக்கப்போகிறவர்கள் கவனியுங்கள்: பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து 12 முதல் 16 வாரங்களுக்குள் எடுப்பது நல்லது. அந்த வயதில் கழுத்திலும் கைகால்களிலும் ஓயாமல் ஓடும் சின்னஞ்சிறு அசைவுகளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அவை காணப்படாவிட்டால் மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு தடைப்படும் நிலை) வரக்கூடுமா என்று முன்கூட்டியே ஆராய்ந்து பயிற்சியைத் தொடங்கலாம். பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, கைகால்கள் திறந்திருக்க, முழு உடலும் தெரியும்படி மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் எடுங்கள். பிள்ளை விழித்திருக்க வேண்டும், அழக்கூடாது. சூப்பி, கிலுகிலுப்பை, கூப்பிடுதல், சிரிப்புக் காட்டுதல் எதுவும் வேண்டாம். விக்கல் எடுத்தால் நிற்கும்வரை பொறுத்திருங்கள். அம்மம்மாவை அடுப்படிக்கு அனுப்பிவிடுங்கள்.