டெங்கு ஒருமுறை வந்தவருக்கு உடம்பின் ஞாபகம் காவலா, ஆபத்தா?

வெள்ளவத்தை_வாசுகி
எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டு ஐயா பூச்சாடித் தட்டுகளில் தேங்கும் நீரை ஊற்றுவதே இல்லை. "எனக்கு 2017இல் டெங்கு வந்துவிட்டது. உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கும், இனிப் பயமில்லை" என்கிறார். கொழும்பில் இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இது ஆபத்தான நம்பிக்கை. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்துபோனால் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நீண்டகாலக் காப்பு. மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் காப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். அப்புறம் வேறு வகை வந்தால், பழைய பிறபொருளெதிரிகள் (வைரஸில் ஒட்டி அதை முடக்க உடம்பு செய்யும் புரதங்கள்) அதில் ஒட்டும், ஆனால் முடக்காது. ஒட்டியபடியே அதைச் சிலவகை வெண்குருதிக் கலங்களுக்குள் சேர்த்துவிடும். வைரஸ் பெருகுவதே அந்தக் கலங்களில்தான்.

கொட்டாஞ்சேனை_சேர்
நான்கு வகை பற்றிச் சொன்னது சரி. ஆனால் இதை வாசிப்பவர் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று எடுத்துக்கொள்வார். ஏ/எல் உயிரியல் படிப்பிக்கும்போது இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களிலும் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். மூன்றாம், நான்காம் முறை கடுமையாவது அரிது. பிறபொருளெதிரி மட்டுமே ஞாபகம் இல்லையே. அது வைரஸின் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறது. தொற்றிய கலங்களை அழிக்கும் வெண்குருதிக் கலமான டி கலமோ, தொற்றிய கலம் தன் மேற்பரப்பில் காட்டும் வைரஸ் புரதத் துண்டைப் பார்க்கிறது. உட்புரதங்களின் பல பகுதிகள் நான்கு வகைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் ஒரு வகையோடு மோதிய டி கலம் மற்றதையும் அடையாளம் காண வாய்ப்பு உண்டு. கொழும்பில் இரத்ததானம் செய்தவர்களின் குருதியை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வலுவான டி கல எதிர்வினை காப்போடு தொடர்புடையது என்றுதான் அது காட்டியது. நம் ஊர் இரத்தத்தில் கிடைத்த சான்று இது.

தெஹிவளை_பாமினி
இடையில் ஒரு கேள்வி. பப்பாசி இலைச் சாறு குடித்தால் இந்த எதிர்ப்பு கூடுமா?

வெள்ளவத்தை_வாசுகி
பாமினி, அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம்.

சேர், கியூபாவைப் பாருங்கள். 1977இல் அங்கே வகை 1 பரவியது. 1981இல் வகை 2 வந்தபோது 158 பேர் இறந்தார்கள். 1997இல் சந்தியாகோ நகரில் மறுபடி வகை 2. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பழைய தொற்றைச் சுமந்த பெரியவர்கள். பிறகு பிறந்து முதல்முறை தொற்றிய பிள்ளைகளுக்கு அந்த நிலை வரவில்லை. இருபது வருடம் கழித்தும் ஆபத்து மிச்சம் இருந்திருக்கிறது. இலங்கையில் 2017இல் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரை பதிவானார்கள், அதுவும் பெரும்பாலும் வகை 2. அவர்களை வேறொரு வகை தேடி வந்தால்?

கொட்டாஞ்சேனை_சேர்
அதே 2017இல் நிக்கராகுவாச் சிறுவர்கள் பற்றிய ஆய்வும் வந்தது. பிறபொருளெதிரி நடுத்தர அளவில் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து கூடியது. அதிகமாக இருந்தவர்கள் காக்கப்பட்டார்கள். ஆக, பிரச்சினை அளவில்தான், ஞாபகம் இருப்பதில் இல்லை.

தெஹிவளை_பாமினி
என் அக்காவின் மகனுக்கு எட்டு மாதத்தில் டெங்கு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போனான். அதற்கு முன் அவனுக்குக் காய்ச்சலே வந்ததில்லை. அவனுக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கும்?

வெள்ளவத்தை_வாசுகி
தாயின் பிறபொருளெதிரிகள், பாமினி. கருவிலேயே தொப்புள்கொடி வழியாக வந்துவிடும். பிறந்த புதிதில் காக்கும். ஆறு, எட்டு மாதத்தில் சேர் சொன்ன அந்த நடுத்தர அளவுக்கு இறங்கிவிடும். நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கொட்டாஞ்சேனை_சேர்
இதே குழந்தையை வைத்துத்தான் நானும் பேசுகிறேன். தாயிடமிருந்து பிறபொருளெதிரி வந்தது, டெங்குவைப் பார்த்துப் பழகிய டி கலங்கள் வரவில்லை. ஞாபகத்தின் ஒரு பாதி மட்டும் கிடைத்த உடம்பு அது. ஒருமுறை டெங்கு வந்த பெரியவரிடம் இரண்டும் இருக்கும்.

வெள்ளவத்தை_வாசுகி
இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் வேலைக்கு வராது. பிறபொருளெதிரி ஏற்கெனவே இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, வைரஸ் வந்தவுடன் ஒட்டிவிடும். ஞாபக டி கலம் பெருகிக் களத்துக்கு வரச் சில நாள் வேண்டும். அந்த இடைவெளியில் வைரஸ் எத்தனை கலங்களைப் பிடிக்கும்? காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் குருதி நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வீட்டார் "காய்ச்சல் விட்டது" என்று நிம்மதி அடைவதும் அப்போதுதான்.

கொட்டாஞ்சேனை_சேர்
அந்த நாளில் வயிற்றுவலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. நுளம்பு பெருகும் நீரை ஊற்றுவதிலும் இல்லை. இரண்டாம் முறை வந்தால் ஆள் தப்பாது என்று பயந்து ஓடும் பெற்றோரையும் நான் தினமும் பார்க்கிறேன், வாசுகி. அவர்களுக்கு டி கலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.