ஊசி தாவியதா, தாவவில்லையா? லெட் ஜெப்லின் இரண்டாம் தட்டும் இரண்டு எழுத்துகளும்

முள்முனை:
நேற்று ஈயக்கப்பல் அவர்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆகவே தனி இழையாகவே தொடங்குகிறேன். லெட் ஜெப்லின் என்ற ராக் குழுவின் இரண்டாவது இசைத்தட்டில், கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவேயுள்ள வெற்று வளையத்தில் ‘ஆர்.எல்.’ என்ற எழுத்துகள் கீறப்பட்டிருந்தால் மட்டுமே அது அலமாரியில் வைக்கத் தகுந்தது என்றும், மற்றவற்றை வடை வைக்கப் பயன்படுத்தலாம் என்றும் அவர் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். 1969 அக்டோபர் 22 அன்று வெளிவரும்போதே நான்கு இலட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு இருந்த தட்டு இது. அமெரிக்காவில் மட்டும் பிற்பாடு ஒரு கோடியே இருபது இலட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது. இதில் அரிது எங்கிருந்து வந்தது?

அவர் சொல்லும் காரணம் ஒரு கதை. பாப் (ராபர்ட்) லட்விக் என்ற பொறியாளர், ‘ஆர்.எல்.’ என்பது அவர் பெயர்தான், ஒலிநாடாவிலிருந்து பள்ளம் வெட்டித் தந்த முதல் அச்சை, தட்டை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனத்தின் தலைவர் அஹ்மத் எர்டிகுன் தம் மகளுக்குக் கொடுத்தாராம், அந்தப் பெண்ணின் பிளேயரில் ஊசி தாவியதாம், உடனே சத்தத்தைக் குறைத்து மறுபடி வெட்டச் சொன்னார்களாம். என்னிடமும் ஓர் ஆர்.எல். தட்டு இருக்கிறது. அதை என் மைத்துனர் மகனின் பெட்டி பிளேயரில், பிளாஸ்டிக் கையும் மலிவான ஊசியும் கொண்ட அந்தப் பொம்மையில், வேண்டுமென்றே ஓடவிட்டேன். ஊசி தாவவில்லை. கதை பொய்யென்றால் அந்தக் கதையின்மீது கட்டிய விலையும் பொய்தான்.

ஈயக்கப்பல்:
என் பெயரைச் சொல்லித் தனி இழை தொடங்கிய பெருந்தன்மைக்கு நன்றி. வடை என்று நான் எழுதவில்லை, பூரி என்று எழுதினேன். மேற்கோள் காட்டுகிறவர் அதையாவது ஒழுங்காகக் காட்டலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகள் பள்ளத்தைப் பக்கவாட்டில் அகலமாக அசைக்கும். சத்தத்தை ஏற்ற ஏற்ற அந்த அசைவு அகலும், ஒரு பக்கத்தில் அடங்கும் நேரமும் சுருங்கும். இதற்காகத்தான் எல்லாத் தட்டுகளிலும் தாழ்ந்த ஒலியைக் குறைத்து வெட்டி, பிளேயரின் பக்கத்தில் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். லட்விக், ஸ்டெர்லிங் சவுண்ட் கூடத்தில் இந்தத் தட்டை வெட்டியபோது, ஒலிப்பொறியாளர் எடி கிரேமரும் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் கலந்து கொடுத்த ஒலிநாடாவில் இருந்த வேகத்தைக் குறைக்காமல் அப்படியே பள்ளத்தில் இறக்கினார். நல்ல கையும், ஊசியின் அசைவை மின்குறியாக்கும் நல்ல கார்ட்ரிட்ஜும் உள்ள கருவி அதைத் தாங்கும். அன்றைய இளைஞர் வீடுகளில் இருந்த கருவிகளின் விறைப்பான பீங்கான் கார்ட்ரிட்ஜ் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காமல் பள்ளத்தை விட்டு எகிறும். ஊசி தாவியது, ஆகவே மறுவெட்டு நடந்தது, ஆகவே ஆர்.எல். தட்டுகள் முதற்கட்டத்தோடு நின்றன. இதை லட்விக்கே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவரைவிடத் தங்கள் மைத்துனர் மகனின் பெட்டிக்கு அதிகம் தெரியும் என்றால் நான் விலகிக்கொள்கிறேன்.

முள்முனை:
ஊசி தாவியபோது லட்விக் அந்த வீட்டில் இருந்தாரா? இல்லை. அவர் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார், தாங்கள் அவர் சொன்னதைச் சொல்கிறீர்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: அந்தப் பெண்ணிடம் இருந்த பிளேயர் எது? நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

கடைசிவரி:
இருவரும் பொறுத்தருளவேண்டும். ‘மதிப்பு’ என்று இங்கே எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளலாமே. ஏலத்தில் கிடைக்கும் விலையா, காதுக்குக் கிடைக்கும் ஒலியா? பீட்டில்ஸின் வெள்ளைத் தட்டு உறைகளில் வரிசை எண் அச்சிட்டிருந்தார்கள். ரிங்கோ ஸ்டார் வைத்திருந்த முதல் எண் பிரதி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த எண்ணால் பாட்டு ஒரு துளிகூட நன்றாகக் கேட்காது. அங்கே விலை உறையில் இருக்கிறது, ஆர்.எல். தட்டில் விலை பள்ளத்தில் இருப்பதாகச் சொல்கிறோம். இரண்டும் வேறு வகை. அதேபோல ‘முதல் அச்சு’ என்பதற்கும் ஆளுக்கொரு பொருள் வைத்திருக்கிறோம். இவற்றை வரையறுத்துவிட்டால் ஊசி தாவியதா இல்லையா என்ற கேள்வியே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஈயக்கப்பல்:
ஊசி தாவியது. அதில் கேள்வியே இல்லை.

முள்முனை:
தாவவில்லை. என் கண்ணெதிரே தாவவில்லை.

கத்தரிப்பூ:
ஜெப்லின் ஆங்கிலேயக் குழு என்பது இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா? கத்தரிப்பூ நிறமும் சிவப்பும் கலந்த அட்லாண்டிக் லேபிளோடு வந்த 588198 எண்ணுள்ள பிரிட்டிஷ் தட்டுதான் முதல் தட்டு. அதன் தொடக்கப் பிரதிகளின் லேபிளில் ‘லெமன் சாங்’ பாட்டின் பெயர் ‘கில்லிங் ஃப்ளோர்’ என்றும், ‘லிவிங் லவிங் மெய்ட்’ பாட்டின் பெயர் ‘லிவிங் லவிங் ரெக்’ என்றும் அச்சாகியிருக்கின்றன. இதைப் பார்க்க வளையத்துக்குள் டார்ச் அடிக்கத் தேவையில்லை. லேபிளில் கண்ணெதிரே இருக்கிறது. குழுவின் முதல் இசைத்தட்டின் உறையில் நீல எழுத்தா, ஆரஞ்சு எழுத்தா என்று நாங்கள் சண்டையிட்ட காலத்திலேயே இந்த அமெரிக்க மோகத்தைக் கண்டித்திருக்கிறேன்.

ஈயக்கப்பல்:
அது நீலமும் அன்று. பச்சை கலந்த டர்க்காய்ஸ். 1969 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் முதல் தட்டின் உறையைப் பற்றிப் பேசுகிறவருக்கு நிறமாவது தெரிந்திருக்கவேண்டும். குழு ஆங்கிலேயக் குழுதான். ஒப்பந்தமோ நியூயார்க்கின் அட்லாண்டிக்கோடு, ஒலிக்கலவையோ நியூயார்க்கில். அச்சுப் பிழைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். நான் ஒலிக்குக் கொடுக்கிறேன். ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டின் நடுவே தாளம் நின்று மீண்டும் கிட்டார் பாயும் இடத்தை ஆர்.எல். தட்டில் ஒருமுறை கேட்டவர், பிறகு எந்தத் தட்டைப் போட்டாலும் யாரோ ஒலிபெருக்கியின்மேல் போர்வையைப் போர்த்திவிட்டதாகத்தான் உணர்வார்.

முள்முனை:
போர்வை என்றதும் நினைவுக்கு வருகிறது. காதின் கூர்மையைப் பற்றி இந்த மேடையில் பெருமை பேசியவர்கள் பலர், 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் விலையுயர்ந்த மறுபதிப்புகளில் பெரும்பாலானவற்றைப் பல ஆண்டுகளாக இடையில் டிஜிட்டல் கோப்பாக மாற்றியே வெட்டிவந்தது என்று வெளியான நாளுக்கு முன்னால், அதே தட்டுகளை ‘கலப்படமில்லாத அனலாக் தேன்’ என்று வருணித்தவர்கள். அந்த வருணனையை எழுதியவர் யாரென்று தேடினால் கிடைக்கும். நான் பெயர் சொல்லவில்லை. கப்பல் ஏதோ ஒன்று அந்தப் பக்கம் மிதந்ததாக நினைவு.

ஈயக்கப்பல்:
நான் எழுதியதை மறைக்கவில்லை. ஆதிநாடாவிலிருந்து எடுத்தது என்று உறையிலே எழுதியிருந்ததை நம்பினேன். வழக்குப் போட்டவர்களும் அதைத்தான் நம்பினார்கள். அதற்கும் ஆர்.எல். தட்டுக்கும் என்ன தொடர்பு? 1969இல் டிஜிட்டல் ஏது? தாங்கள் பேச்சை மாற்றுவதிலிருந்தே ஊசி தாவியது உறுதியாகிறது.

புதுவாசகன்:
வணக்கம். நான் 2014இல் வந்த மறுபதிப்பை வைத்திருக்கிறேன். பழைய தட்டு ஒன்றும் மாமாவின் பெட்டியிலிருந்து கிடைத்தது. அதில் இந்த எழுத்துகளை எங்கே பார்ப்பது?

ஈயக்கப்பல்:
தம்பி, தட்டை விளக்கின்கீழ்ச் சாய்த்துப் பிடித்து, லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தை மெதுவாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். எண்களோடு கையால் கீறிய ‘ஆர்.எல்.’ என்பதும், ‘எஸ்.எஸ்.’ என்பதும் இருக்கவேண்டும். பின்னது ஸ்டெர்லிங் சவுண்டைக் குறிப்பது. லேபிளின் அடியில் நிறுவன முகவரி 1841 பிராட்வே என்று இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். 75 ராக்ஃபெல்லர் பிளாசா என்று இருந்தால் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்திய பதிப்பு. வளையத்தில் டார்ச் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். 2014 பதிப்பு பேஜ் மேற்பார்வையிட்ட டிஜிட்டல் வேலை. கெட்டதன்று, காரில் போகும்போது கேட்கலாம்.

கத்தரிப்பூ:
இசைத்தட்டைக் காரில் எப்படிக் கேட்பது என்பதையும் தம்பிக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

வெற்றுவளையம்:
முள்முனை அவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். ஆர்.எல். தட்டின் விலை பொய் என்று உறுதியாக நம்புகிறீர்கள், தங்களிடமும் ஒன்று இருக்கிறது. சாதாரணப் பதிப்பின் விலைக்கு அதை எனக்குக் கொடுத்துவிடுங்கள். தபால் செலவும் நானே ஏற்கிறேன்.

முள்முனை:
நான்கு இலட்சம் முன்பதிவு என்று எழுதினேனே, அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் பிளேயர் எந்த நிறுவனத்துடையது என்பதற்கும் பதில் இல்லை.

ஈயக்கப்பல்:
நான்கு இலட்சத்துக்குப் பதில் இதோ. முன்பதிவு அத்தனை இருந்தது என்பதால் அத்தனையும் ஆர்.எல். ஆகிவிடாது. பல ஆலைகளில் ஒரே நேரத்தில் அச்சடிப்பார்கள். தட்டை அழுத்தி அச்சடிக்கும் உலோக அச்சான ஸ்டாம்பர் ஒன்று ஆயிரம் இரண்டாயிரம் தட்டுகளில் தேய்ந்துவிடும். புது வெட்டு வந்ததும் பழைய ஸ்டாம்பர்களை மாற்றிவிடுவார்கள். அதுவும் போகட்டும், எஞ்சியிருப்பதுதான் கணக்கு. இந்தத் தட்டை வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கையுறை போட்டுக் கேட்ட பெரியவர்கள் அல்லர். கல்லூரி விடுதியில், நாணயம் ஒட்டிக் கனமேற்றிய ஊசியால், விருந்துக்கு விருந்து ஓட்டித் தேய்த்த பிள்ளைகள். அவர்கள் கையிலிருந்து பள்ளம் சிதையாமல் தப்பி வந்ததுதான் அரிது. ஆகவேதான் கீறலுள்ள ஆர்.எல். மலிவாகவும், சுத்தமான ஆர்.எல். ஆயிரம் டாலரைத் தாண்டியும் போகிறது. சேகரிப்பவர்கள் பின்பற்றும் கோல்ட்மைன் தர அளவையில் ‘நியர் மின்ட்’, அதாவது ஏறக்குறையப் புதிது போன்ற பிரதிக்கு விலை நூறு என்றால், ‘வெரி குட் ப்ளஸ்’ பிரதிக்கு ஐம்பது, வெறும் ‘வெரி குட்’ பிரதிக்கு இருபத்தைந்து. இதைத் தாங்கள் நன்றாக அறிவீர்கள். ஏனென்றால் போன ஆண்டு எனக்கு விற்ற தட்டை ‘நியர் மின்ட்’ என்று எழுதி அனுப்பியவர் தாங்கள்தான்.

முள்முனை:
இதோ வந்துவிட்டது. இதற்காகத்தான் காத்திருந்தேன். அந்தத் தட்டு என் வீட்டை விட்டுப் புறப்படும்போது ‘நியர் மின்ட்’ ஆகத்தான் இருந்தது. வழியில் என்ன நடந்தது என்பதற்குத் தட்டைத் திறந்த கையும் பதில் சொல்லவேண்டும். இரண்டாம் பக்கத்தில் மயிரிழைக் கீறல் ஒன்று இருந்ததை மூன்று வாரம் கழித்துக் கண்டுபிடித்த ஒருவர், போர்வை போர்த்திய ஒலியைக் காதால் கண்டுபிடிக்கிறாராம்.

கடைசிவரி:
முன்னர்க் கேட்ட வரையறையை மறுபடியும் பணிவோடு நினைவூட்டுகிறேன். இன்னொன்றும் உண்டு. திரும்பப் பெறப்பட்டதாலேயே விலையேறிய தட்டுகள் இருக்கின்றன. 1966இல் பீட்டில்ஸ் கசாப்புக்காரர் வேடத்தில் நின்ற உறையை கேபிட்டல் நிறுவனம் திரும்பப் பெற்று, மேலே வேறு படத்தை ஒட்டி விற்றது. ஒட்டப்படாதவை, ஒட்டியபடியே இருப்பவை, ஒட்டியதை உரித்தவை என்று சேகரிப்பவர்கள் மூன்று தரம் பிரித்து விலை வைக்கிறார்கள். அங்கே நடந்ததற்கு உறையே சாட்சி. இங்கேயும் சாட்சி பள்ளத்தில் இருக்கிறது: இரண்டு வெட்டுகளையும் ஒரே கருவியில் அடுத்தடுத்துப் போட்டால் சத்த வேறுபாடு குழந்தைக்கும் கேட்கும். மறுவெட்டு நடந்தது என்பதற்கு அது போதாதா? காரணம் எந்தப் பெண்ணின் பிளேயராக இருந்தால் என்ன?

ஈயக்கப்பல்:
காரணம் முக்கியம். ஊசி தாவியது.

முள்முனை:
வேறுபாடு இருப்பதை நான் எப்போது மறுத்தேன்? தாவவில்லை என்றுதான் சொல்கிறேன்.

கத்தரிப்பூ:
‘ஜெப்லின்’ என்று எழுதுவதா, ‘செப்லின்’ என்று எழுதுவதா என்பதையும் இந்த இழையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஜெர்மானியப் பெயர் அது. அந்த மொழியில் முதல் ஒலி ‘ட்ஸ’. இருவருமே தவறாக எழுதுகிறீர்கள்.

ஈயக்கப்பல்:
உறையில் இருக்கும் படமும் ஜெர்மானிய விமானப் படைப் பிரிவின் பழைய புகைப்படத்தில் முகங்களை மாற்றி டேவிட் ஜூனிப்பர் செய்ததுதான். அதற்காக ஜெர்மன் இலக்கணம் படிக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை. பிரிட்டிஷ் தட்டு கேட்பவர் ஜெர்மன் உச்சரிப்பு கேட்கிறார். நாளை ஜப்பான் தட்டுகளின் உறையைச் சுற்றி வரும் ஓபி காகிதப் பட்டை கேட்பார்.

புதுவாசகன்:
அண்ணன்மார்களே, மாமாவின் தட்டைப் பார்த்துவிட்டேன். லேபிளில் 75 ராக்ஃபெல்லர் பிளாசா என்றுதான் இருக்கிறது, வளையத்தில் ஆர்.எல். இல்லை. ஆனாலும் போட்டுக் கேட்டேன். ‘ஹார்ட்பிரேக்கர்’ பாட்டில் கிட்டார் தனியாக வாசிக்கும் இடத்தில் ஊசி தாவுகிறது.

முள்முனை:
அனைவரும் கவனிக்கவும். ஆர்.எல். இல்லாத தட்டிலும் ஊசி தாவுகிறது; ஆர்.எல். உள்ள என் தட்டில் தாவவில்லை. இனி இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

ஈயக்கப்பல்:
அது கீறல். கீறலில் தாவுவதற்கும் பள்ளத்தின் அசைவு தாங்காமல் தாவுவதற்கும் வேறுபாடு தெரியாதவரோடு இத்தனை நேரம் பேசியிருக்கிறேன். தம்பி, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ‘டொக்’ என்று கேட்டு, பிறகு தாவுகிறதா?

முள்முனை:
தம்பி, அவருக்குப் பதில் சொல்லவேண்டாம். முதலில் தங்கள் பிளேயர் எந்த நிறுவனத்துடையது என்று சொல்லுங்கள்.

வெற்றுவளையம்:
முள்முனை அவர்களே, என் விண்ணப்பம் இன்னும் அப்படியே இருக்கிறது.