வைக்கிங்குகளின் (ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வட ஐரோப்பியக் கடலோடிகள்) கல்லும் கப்பலும் பார்த்துக் கவிதை எழுதியவர்கள் உண்டா?

கல்மார்வாசி:
சுவீடனின் ஓலாந்து தீவில், கார்லெவியில், வயலுக்கு நடுவே ஆளுயரம்கூட இல்லாத ஒரு கல் நிற்கிறது. கி.பி. 1000 வாக்கில் சிப்பி என்ற தலைவனின் நினைவாக நட்டது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து செதுக்கிய கற்கள் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் அரசவைப் புலவர்களின் த்ரோட்க்வாட் யாப்பில் ஒரு பாட்டு முழுதாக இருப்பது இதில் மட்டும்தான். எட்டு அடி, அடிக்கு ஆறு அசை, இரண்டிரண்டு அடியைச் சேர்த்துக் கட்ட மோனை.

அதில் தலைவனை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? ‘எண்டிலின் பெருநிலத்து வண்டியின் தெய்வம்’. எண்டில் ஒரு கடலரசன். அவனுக்கு நிலம் என்றால் கடல். அதில் ஓடும் வண்டி கப்பல். கப்பலுக்குத் தெய்வம் யார், அதைச் செலுத்துகிற தலைவன்தான்! கோடரி, ரத்தம், கொம்பு வைத்த தலைக்கவசம் (அந்தக் கொம்பே பிற்காலக் கற்பனை) என்று வருகிற இன்றைய வைக்கிங் கவிதைகள் இதன் பக்கத்தில் நிற்காது. அங்கேயே நின்று எழுதினேன்:

உன் வண்டி ஓடிய நிலத்தில்
தடம் நிற்பதில்லை, சிப்பி.
ஒரு கல் நட வேண்டுமென்றால்
கரைக்குத்தான் வர வேண்டியிருந்தது.

கோபன்ஹேகன் அக்கா:
தம்பி, கடைசி அடி நன்றாக வந்திருக்கிறது. நான் டேனிஷ் தோழி ஒருத்தியோடு ரோஸ்கில்டே கப்பல் அருங்காட்சியகம் போனேன். எதிரி வரும் நீர்வழியை அடைக்க 11ஆம் நூற்றாண்டில் வேண்டுமென்றே மூழ்கடித்த ஐந்து கப்பல்கள். 1962இல் வெளியே எடுத்தார்கள். பெரிய போர்க்கப்பலில் பலகை கொஞ்சம்தான் மிச்சம், மீதி, வடிவத்தைக் காட்ட அருங்காட்சியகம் வைத்த வெறும் இரும்புச் சட்டம். முன்னோர் பெருமை எழுதத்தான் அவள் வந்தாள். அந்தக் கப்பல் 1042 வாக்கில் டப்ளினில் கட்டியது என்று மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அயர்லாந்து ஓக் மரம் பேசுவதாகக் கவிதையை மாற்றிவிட்டாள். எனக்கு அதுதான் பிடித்தது.

ரெய்க்யவிக் ராசா:
ஐஸ்லாந்தில் போர்க் என்ற இடத்துக்குப் போங்கள். வைக்கிங் காலக் கவிஞன் எகிலின் ஊர். மகன் கடலில் மூழ்கியதும் எகில் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மகள் தானும் சாகப் போவதாகச் சொல்லிப் பக்கத்தில் படுத்து, கடற்பாசியை மென்று தின்னக் கொடுத்தாள். தாகம் எடுத்தது, தண்ணீர் என்று வந்தது பால்! அப்புறம், “நீங்கள் பாடுங்கள் அப்பா, நான் குச்சியில் செதுக்குகிறேன்” என்றாளாம். அந்த இரங்கற்பா இன்றும் இருக்கிறது. அதன் பெயரில் ஒரு சிற்பமும் அங்கே நிற்கிறது.

கல்மார்வாசி:
அண்ணே, சிற்பத்தைப் படம் எடுத்திருந்தால் போடுங்கள்.