வலி தராத தேமலும் இரவில் எடுத்த இரத்தமும்

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அம்மாவுக்கு வந்தது தொழுநோய். அவருடைய இடது முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அரிப்போ வலியோ இல்லாததால், படர்தாமரைக்கான களிம்பையே ஒரு வருடத்துக்கு மேல் தடவி வந்தோம். அதை எழுதிக் கொடுத்த மருத்துவர் அந்த இடத்தை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். தோசைக்கல் பட்டுக் கொப்புளம் எழும்பியும் அம்மாவுக்குத் தெரியாமல் போன அன்றுதான் அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே கண்களை மூடச் சொல்லி, பேனா முனையால் தோலை மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார்கள். மற்ற இடங்களைச் சரியாகக் காட்டிய அம்மா, தேமலின் மேல் தொட்டபோது கையை அசைக்கவே இல்லை. முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பும் தடித்திருந்தது. முதுகில் நாங்கள் கவனித்தே இராத தேமல்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஐந்தைத் தாண்டியதால், ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றும் அடங்கிய கூட்டு மருந்தை 12 மாதங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டில் எங்களையும் பரிசோதித்து, தடுப்புக்காக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தந்தார்கள். சிறுநீர் சிவக்கும், தோல் கருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவற்றுக்கு நாங்கள் கலங்கவில்லை.

கலங்கியது நான்காம் மாதத்தில்தான். தேமல்கள் சிவந்து வீங்கின. முழங்கை விண்ணென்று தெறித்தது. சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடு என்று சித்தி சொன்னார். நானும் ஏறக்குறைய அதற்கு உடன்பட்டிருந்தேன். கிருமிக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றல் சீறி எழுவதால் வரும் வீக்கம் இது, மருந்தின் தீங்கு அல்ல, தாமதித்தால் நரம்பு போய்விடும் என்று மருத்துவர் விளக்கிய பிறகே எங்களுக்குத் தெளிவு வந்தது. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனைத் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்தார்கள். கூட்டு மருந்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை. விரல் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை என்பதால், அம்மா இப்போதும் பார்த்துப் பார்த்து, துணி பிடித்தே பாத்திரத்தை இறக்குகிறார்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

என் அப்பாவுக்கு யானைக்கால் நோய். கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராய்வதற்கென்றே 1975 முதல் ஒரு மையம் இயங்கும் ஊரில் இருந்தும், நாங்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டோம். இந்நோயை உண்டாக்கும் புழுக்களின் குஞ்சுகளான நுண்புழுக்கள் இரவில்தான் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்களுக்கு வரும் என்று சொல்லி, இரவு வேளையில் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். புழு இல்லை என்று முடிவு வந்ததும், நோயே இல்லை என்று நிம்மதியடைந்தோம். கால் வீங்கிய பலருக்கும் இரத்தத்தில் புழு தென்படாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளில் ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கப் பழக்கினோம். வீக்கம் முழுவதும் வடியவில்லை. ஆனால் அடிக்கடி வந்த குளிர்காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது.