அட்டை வளைகிறது, மூடி உதிர்கிறது: எங்கே தவறு?

கேள்வி:
8க்கு 10 அடி அறை, ஒரே ஜன்னல். கழித்துப்போட்ட பொருட்களில் சுவரில் மாட்டும் புடைப்புப் படங்கள் செய்ய வேண்டும். அடித்தளம் நெளி அட்டை. மேலே பிளாஸ்டிக் பாட்டில் மூடிகள், தகர டப்பாத் துண்டுகள். பெயின்ட் காய்ந்ததும் அட்டை கிண்ணம் போல வளைகிறது. வெள்ளைப் பசையில் ஒட்டிய மூடிகள் ஒரே வாரத்தில் உதிர்கின்றன. தகர ஓரங்களில் பழுப்புக் கறை. விளக்கை எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1:
அட்டையோட ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்குது, அதான் வளையுது. ரெண்டு அட்டையை எடுத்து, உள்ளே இருக்கிற நெளி ஒண்ணுக்கொண்ணு குறுக்கா வர்ற மாதிரி ஒட்டுங்க. பசையைத் திட்டுத்திட்டா வைக்காம மெல்லிசா முழுக்கத் தடவணும். சமதளத்துல மேலே கனம் ஏத்தி 24 மணி நேரம் விடுங்க. அப்புறம் வெள்ளைப் பசையும் தண்ணியும் சரிபாதி கலந்து முன்பக்கம், பின்பக்கம், வெட்டின ஓரம் எல்லாத்துலயும் பூசுங்க. ஓரத்தைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. ஈரக்காத்து அந்த வழியாத்தான் உள்ளே ஏறும்.

பதில் 2:
மூடிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இரண்டும் மெழுகு போன்ற பரப்பு கொண்டவை. பசையும் பிடிக்காது, அக்ரிலிக் பெயின்டும் உரிந்துவிடும். அதனால் ஒட்டாதீர்கள், கட்டுங்கள். ஒவ்வொரு மூடியிலும் 2 மி.மீ. அளவில் இரண்டு துளை, மெல்லிய செம்புக் கம்பி, அட்டையின் பின்னால் முறுக்கு. துளை போடும்போது அடியில் மரத்துண்டு இருக்கட்டும், இல்லையென்றால் மூடி விரிசல் விடும். பெயின்ட் அடிக்காமல் மூடிகளை அவற்றின் நிறப்படி பிரித்துப் பயன்படுத்தினால் இன்னும் அழகு.

ஒன்றை மறக்கவே கூடாது: பிவிசி குழாய்த் துண்டுகளைச் சூடாக்கி வளைக்காதீர்கள். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு அது மிக ஆபத்து.

பதில் 3:
காந்தம் ஒட்டுகிற டப்பா இரும்புத் தகடு. வெட்டிய இடத்தில் வெள்ளீயப் பூச்சு போய் வெறும் இரும்பு தெரியும். அதன்மேல் நீர் கலந்த பெயின்ட் பட்டதும் துரு பிடிக்கிறது. 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, உலோக பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். ஓரத்தைக் குறடால் 5 மி.மீ. மடித்துவிட்டால் கையும் கிழியாது. தடித்த கையுறை கட்டாயம்.

வலதுகைக்காரர் என்றால் ஜன்னல் இடப்புறம் இருக்கட்டும். விளக்கின் ஒளிநிறம் 4000–5000 கெல்வின், அதாவது வெள்ளை ஒளி; நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் நிறத்தெளிவு எண் (CRI) 90க்கு மேல். நேர் எதிரே வைத்தால் புடைப்பு தட்டையாகத் தெரியும்; பக்கவாட்டில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏற்கெனவே மூடி ஒட்டிய படத்தை என்ன செய்வது?

பதில் 2:
மெல்லிய கத்தியை அடியில் செருகினால் மூடி சுத்தமாகக் கழன்றுவரும், பசை அட்டையிலேயே தங்கிவிடும். அந்த வட்டத் தடம்தான் உங்களுக்கு அடையாளம். அதன் நடுவில் குத்தூசியால் இரண்டு துளை போட்டுக் கம்பியை விடுங்கள்.